மஞ்சள் முக்கோணத்தை கண்டுக்காதீங்கன்னு எழுதாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வாராவாரம் வர்ற கம்ப்யூட்டர் கேள்வி பதில் பகுதியை விடாம படிக்கிற ஆளு நான், திண்டுக்கல்ல செகண்ட்ஹேண்ட் லேப்டாப் சர்வீஸ் தான் நம்ம பொழப்பு. போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார், ஆபீஸ்ல இருந்து கழிச்சு விட்ட பிசினஸ் லேப்டாப் வாங்கினேன், புதுசா விண்டோஸ் போட்டேன், எல்லாம் ஓடுது, ஆனா டிவைஸ் மேனேஜர்ல (மெஷின்ல உள்ள பாகத்தையெல்லாம் காட்டுற விண்டோஸ் பட்டியல்) அன்நோன் டிவைஸ்னு மஞ்சள் முக்கோணம் போட்டு ஒண்ணு நிக்குது, என்ன பண்றதுன்னு. அதுக்கு வந்த பதில், லேப்டாப் நல்லா ஓடுதுன்னா அதை கண்டுக்காதீங்க, மனசு கேக்கலைன்னா நெட்ல கிடைக்கிற டிரைவர் (ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸ் ஓட்ட உதவுற புரோகிராம்) அப்டேட் சாஃப்ட்வேர் ஏதாவது ஒண்ணை போட்டு விடுங்க, அது பாத்துக்கும். ரெண்டே வரி தான், ரெண்டுமே ஆளை தப்பான பக்கம் அனுப்புது. அதான் எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும், இடம் பத்தலைன்னா வெட்டிக்கோங்க, பேட்டரி பத்தி சொல்ற இடத்தை மட்டும் விட்டு வைங்க.

மொதல்ல அது என்னன்னு பாப்போம். விண்டோஸ் ஸ்டார்ட் ஆகும்போது இந்த போர்டுல என்னென்ன இருக்குன்னு பயாஸ் (மெஷின் ஆன் ஆனதும் மொதல்ல ஓடுற, போர்டுலேயே இருக்கிற புரோகிராம்) கிட்ட இருந்து ஒரு பட்டியல் வாங்கிக்கும். அதுக்கான ஏற்பாட்டுக்குப் பேரு ஏசிபிஐ, 1996ல இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூணு பேரும் சேந்து கொண்டு வந்தது, தூங்க வைக்கிறது எழுப்புறது பேட்டரி சார்ஜ் ஃபேன்னு பவர் சம்பந்தப்பட்ட அத்தனையும் அந்த வழியா தான் நடக்குது. அந்த பட்டியல்ல எல்லா கம்பெனிக்கும் பொதுவான ஐட்டம் கொஞ்சம் இருக்கும். பேட்டரின்னா பிஎன்பி0சி0ஏ, மூடி மூடியிருக்கா தொறந்திருக்கான்னு சொல்றது பிஎன்பி0சி0டி, பவர் பட்டன் பிஎன்பி0சி0சி, இதையெல்லாம் விண்டோஸுக்கு பொறக்கும்போதே தெரியும், டிரைவர் உள்ளேயே இருக்கு. அதனால தான் எந்த லேப்டாப்ல விண்டோஸ் போட்டாலும் பேட்டரி படம் கீழ வந்துடுது, மூடினா தூங்குது, ஜனங்களும் எல்லாம் சரியா இருக்குன்னு நெனச்சுக்கிறாங்க. ஆனா கம்பெனிக்காரன் தனக்குன்னு தனியா வச்ச ஐட்டம் இருக்கு பாருங்க, அதுக்கு அவன் டிரைவர் குடுத்தா தான் உண்டு, இல்லைன்னா விண்டோஸ் அன்நோன் டிவைஸ்னு எழுதி எரர் கோடு 28, டிரைவர் இன்ஸ்டால் ஆகலைன்னு போட்டுட்டு போயிடும். வீடு வாடகைக்கு விட்ட ஓனர் எல்லா சாவியும் குடுத்துட்டு மோட்டார் ரூம் சாவியை மட்டும் அவரே வச்சுக்கிட்ட மாதிரி, குடி போகலாம், படுக்கலாம், சமைக்கலாம், தண்ணி ஏத்தணும்னா மட்டும் அவரைத் தேடிப் போகணும்.

பிசினஸ் லேப்டாப்ல இந்த தொல்லை ஏன் ஜாஸ்தின்னா, லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிடியூட், எச்பி எலைட்புக் இதெல்லாம் ஆபீஸ் ஐடி டிபார்ட்மெண்ட் மொத்தமா வாங்கி மொத்தமா மேனேஜ் பண்றதுக்குன்னே செஞ்சது. கீழ விழுந்தா ஹார்ட் டிஸ்கை காப்பாத்த ஒரு சென்சார், தூரத்துல இருந்தே மெஷினை ஆன் பண்ணி ரிப்பேர் பாக்க ஒரு ஏற்பாடு, ஸ்மார்ட் கார்டு, கைரேகை, டிபிஎம் (ரகசிய சாவியை பத்திரமா வைக்கிற பாதுகாப்பு சிப்), டாக் (மானிட்டர் கீபோர்டெல்லாம் ஒரே இடத்துல சொருகுற ஸ்டாண்டு) இப்படி வீட்டு லேப்டாப்ல அவ்வளவா பாக்காத சாமான் நெறைய. ஆபீஸ்காரங்க டிரைவரோட ரெடியா ஒரு இமேஜ் (விண்டோஸ் டிரைவர் எல்லாம் சேந்த மொத்த காப்பி) வச்சிருப்பாங்க, மெஷின் வந்த உடனே அதை ஏத்திடுவாங்க. மெஷின் கழிச்சு விடும்போது டேட்டா வெளிய போயிடக் கூடாதுன்னு டிஸ்கை மொத்தமா துடைச்சுட்டு தான் விப்பாங்க, அது நியாயம் தான், ஆனா அதோட டிரைவரும் போச்சு. அப்புறம் அது மொத்த வியாபாரி கைக்கு வந்து, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வந்து, அங்க இருந்து நம்ம ஊருக்கு வர்றதுக்குள்ள யாரோ ஒருத்தர் பென்டிரைவ்ல இருந்து வெறும் விண்டோஸ் மட்டும் போட்டு வைஃபை வருதா சவுண்டு வருதா கேமரா வருதான்னு பாத்துட்டு பேக்கிங் பண்ணிடுவாங்க. மிச்சம் இருக்கிற மஞ்சள் முக்கோணத்தை யாரும் தொடறதில்ல.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். எல்லா மஞ்சள் முக்கோணமும் ஒண்ணு கிடையாது. சிலது நெஜமாவே தேவையில்லாதது, சிலதை விட்டா காசு போகும். எது எதுன்னு தெரிஞ்சுக்க ஒரு நிமிஷ வேலை தான், அந்த அன்நோன் டிவைஸ் மேல ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் போய் டீடெய்ல்ஸ் டேப்ல ஹார்ட்வேர் ஐடிஸ்னு இருக்கிறதை தேர்ந்தெடுத்தா ஒரு குறியீடு, அதாவது கோடு வரும். அதுல பெரும்பாலும் ஏசிபிஐங்கிறதுக்கு அப்புறம் வர்ற மூணு நாலு எழுத்து கம்பெனியோட பேரு, பின்னாடி நம்பர். இதை பாக்கச் சொல்லாம கண்டுக்காதீங்கன்னு சொல்றது சரியே இல்ல.

திங்க்பேட்ல அந்த கோடு எல்இஎன்0068ன்னு இருந்தா தயவுசெஞ்சு விடாதீங்க. அது தான் லெனோவோ பவர் மேனேஜ்மெண்ட் டிரைவர் கேக்குற டிவைஸ். ரொம்ப பழைய மாடல்ல இதே நம்பர் ஐபிஎம்0068ன்னு இருக்கும், 2005ல ஐபிஎம் அந்த பிசி பிசினஸையே லெனோவோ கிட்ட வித்துட்டு போனாலும் பேரு கொஞ்ச நாள் உள்ள ஒட்டிக்கிட்டே இருந்துச்சு, புதுசுல எல்இஎன்0268ன்னு வரும். ஒரே டிவைஸ் தான், ஆனா ரெண்டு வேலை பாக்குது. எஃப்என் கீயோட அமுக்குற பட்டன் சமாச்சாரமும் இது வழியா தான் போகுது, பேட்டரி எவ்வளவு சார்ஜ் ஆனா நிறுத்தணும் எவ்வளவு இறங்கினா திரும்ப ஏத்தணும்ங்கிற கணக்கும் இது வழியா தான். டிரைவர் இல்லாம லெனோவோ வான்டேஜ்ங்கிற கம்பெனியோட செட்டிங் ஆப்பை மட்டும் போட்டா அந்த சார்ஜ் லிமிட் வைக்கிற ஆப்ஷனே கண்ணுக்குத் தெரியாது, நம்ம மாடல்ல அந்த வசதி இல்ல போலன்னு நெனச்சு விட்டுடுவோம்.

இதுல ஒரு வேடிக்கை அடிக்கடி கடைல நடக்கும். லேப்டாப் வாங்கிட்டு போனவர் ரெண்டு நாள்ல திரும்ப வந்து கோவமா, என்னண்ணே டூப்ளிகேட் பேட்டரியை மாட்டி குடுத்துட்டீங்க, 80க்கு மேல ஏறவே மாட்டேங்குதுன்னு கத்துவார். பேட்டரி நல்ல பேட்டரியா தான் இருக்கும். முன்னாடி வச்சிருந்த ஆபீஸ்காரங்க 80ல நிறுத்துன்னு லிமிட் வச்சிருப்பாங்க, அந்த செட்டிங் ஹார்ட் டிஸ்க்ல இருக்காது, போர்டுல இருக்கிற எம்பெடட் கன்ட்ரோலர்ங்கிற சின்ன சிப்ல உக்காந்திருக்கும், அதனால விண்டோஸை எத்தனை தடவை ஃபார்மட் அடிச்சாலும் அது போகாது. மாத்தணும்னா அந்த 0068 டிரைவர் வேணும். டிரைவரை போட்டு வான்டேஜ்ல லிமிட்டை எடுத்து விட்டதும் அவர் கண்ணு முன்னாடியே 81, 82ன்னு ஏற ஆரம்பிக்கும். அதுக்கப்புறம் நானே, அண்ணே அது நல்லதுக்கு தான் வச்சிருந்தாங்க திரும்ப 80லேயே வச்சுக்கோங்கன்னு சொன்னா அவர் என்னை ஒரு மாதிரி பாப்பார் பாருங்க.

நல்லதுக்குன்னு ஏன் சொல்றேன்னா, நம்ம ஊர்ல லேப்டாப்பை லேப்டாப்பா யூஸ் பண்றவங்க கம்மி. ஜெராக்ஸ் கடை, ஆடிட்டர் ஆபீஸ், மெடிக்கல் ஷாப், நகைக்கடை பில்லிங் இங்கெல்லாம் காலைல கடை தொறக்கும்போது சார்ஜர் சொருகினா ராத்திரி மூடுற வரைக்கும் எடுக்கிறதே இல்ல, யூபிஎஸ் செலவு மிச்சம்னு டெஸ்க்டாப்புக்கு பதிலா தான் லேப்டாப்பே வாங்குறாங்க. லித்தியம் பேட்டரிக்கு ஒத்துக்காதது ரெண்டு, ஒண்ணு சூடு, இன்னொண்ணு எந்நேரமும் 100லேயே நிக்கிறது. ரெண்டும் சேந்தா சீக்கிரம் கெழடாகி உள்ள கேஸ் கட்டி உப்ப ஆரம்பிக்கும். சமீபத்துல ஒரு ஜெராக்ஸ் கடைல இருந்து டச்பேட் லெஃப்ட் கிளிக் அமுங்க மாட்டேங்குதுன்னு ஒரு மெஷின் வந்துச்சு, டச்பேட் மாத்தணும்னு வேற எங்கயோ விலை கூட சொல்லிட்டாங்களாம். பக்கவாட்டுல வச்சு பாத்தா டச்பேட்டோட கீழ் ஓரம் ஒரு நகம் உள்ள போற அளவுக்கு தூக்கிட்டு நிக்குது, கீழ கவர் ஸ்குரூ நாலு லூஸ் பண்ணும்போதே மிச்ச ஸ்குரூவை இழுத்துக்கிட்டு கவர் தானா விலகுது. உள்ள பேட்டரி மூணு செல்லும் உப்பி டச்பேடை கீழ இருந்து முட்டிக்கிட்டு இருக்கு. டச்பேடுக்கு ஒண்ணுமே இல்ல. அந்த மெஷின்ல டிவைஸ் மேனேஜரை தொறந்து பாத்தா பவர் மேனேஜ்மெண்ட் டிவைஸ் மஞ்சள் முக்கோணத்தோட அப்படியே நிக்குது, வித்தவங்க குடுத்த நாள்ல இருந்து. டிரைவர் இல்லாததால தான் பேட்டரி உப்பிச்சுன்னு நான் சொல்ல வரல, பழைய பேட்டரி எப்படியும் ஒரு நாள் போகும், ஆனா டிரைவர் இருந்து 80ல நிறுத்தியிருந்தா இவ்வளவு சீக்கிரம் அது ஆகியிருக்காது. உப்பின பேட்டரியை குத்துறது, அமுக்குறது, நானே எடுத்துக்கிறேன்னு ஸ்குரூடிரைவரை விட்டு நெம்புறது இதெல்லாம் யாரும் பண்ணக் கூடாது, அது தீப்பிடிக்கிற சாமான்.

இந்த இடத்துல டெல், எச்பி வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு ஆறுதல். சார்ஜ் லிமிட் விஷயத்துல டிரைவரை நம்பி இருக்க வேண்டியதில்ல, பயாஸ் உள்ளேயே இருக்கு. டெல் லாட்டிடியூட்ல எஃப்2 அமுக்கி பயாஸ் போய் பேட்டரி சார்ஜ் கான்ஃபிகரேஷன் பாத்தீங்கன்னா எந்நேரமும் கரண்ட்ல ஓடுறவங்களுக்குன்னே பிரைமரிலி ஏசி யூஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், கஸ்டம்னு போட்டா நாமளே சதவீதம் வச்சுக்கலாம். எச்பில பேட்டரி ஹெல்த் மேனேஜர்னு இருக்கும், எஃப்10. விண்டோஸ் இருக்கோ இல்லையோ வேலை செய்யும், இந்த ஒரு விஷயத்துல அவங்க பண்ணது தான் எனக்கு சரின்னு படுது.

இப்போ விட்டா ஒண்ணும் ஆகாததை சொல்றேன். டெல்ல எஸ்எம்ஓ8800ன்னு வந்தா அது கீழ விழறதை கண்டுபிடிக்கிற ஃப்ரீ ஃபால் சென்சார், லேப்டாப் கையை விட்டு நழுவுன உடனே ஹார்ட் டிஸ்க் ஹெட்டை (தகட்டை படிக்கிற முனையை) ஓரமா ஒதுக்கச் சொல்லும். எச்பில எச்பிக்யூ0004, எச்பிக்யூ6007 இதெல்லாம் அதே வேலை, டிரைவ்கார்டுன்னு பேரு. பழைய சுத்துற ஹார்ட் டிஸ்க் இருந்தா அவசியம் போடணும், எஸ்எஸ்டி மாத்தியாச்சுன்னா அதுல ஹெட்டே கிடையாது, எதை ஒதுக்கப் போகுது? போட்டா முக்கோணம் மறையும், போடாட்டியும் நஷ்டம் இல்ல. எச்பிக்யூ6001 வேற, அது வயர்லெஸ் பட்டன், அதை விட்டா வைஃபை ஆன் ஆஃப் பண்ற கீ சொன்ன பேச்சு கேக்காது. எஸ்எம் பஸ் கன்ட்ரோலர்னு நின்னா சிப்செட் (போர்டோட முக்கிய சிப்) டிரைவர் போடலைன்னு அர்த்தம், அதை போட்டதும் கூடவே ரெண்டு மூணு முக்கோணம் காணாம போயிடும்.

பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர்னு ஒண்ணு கிட்டத்தட்ட எல்லா இன்டெல் மெஷின்லயும் நிக்கும், பேரைப் பாத்து மோடம்னு நெனச்சு விட்டுடறாங்க. மோடமா இருந்ததெல்லாம் ஒரு காலம். இன்னைக்கு பெரும்பாலும் அது இன்டெல் மேனேஜ்மெண்ட் என்ஜின் இன்டர்ஃபேஸ், அதாவது சிப்செட்டுக்குள்ள தனியா ஓடுற ஒரு சின்ன கம்ப்யூட்டரோட விண்டோஸ் பேசுற வழி. அது பக்கத்துலேயே பிசிஐ சீரியல் போர்ட்னு நின்னா, தூரத்துல இருந்து ஐடி ஆளுங்க மெஷினை கையாள்றதுக்கான இன்டெல் ஏஎம்டி (ஆக்டிவ் மேனேஜ்மெண்ட் டெக்னாலஜி) சமாச்சாரம், வீட்டுக்கு எடுத்துட்டு வந்தவங்களுக்கு அதுல வேலை இல்ல. மேனேஜ்மெண்ட் என்ஜின் டிரைவரை மட்டும் உங்க மாடலுக்கு கம்பெனிக்காரன் சைட்ல போட்டிருக்கிற வெர்ஷனையே போடுங்க, புதுசு தான் பெஸ்டுன்னு எங்கயாவது இருந்து எடுத்து போடாதீங்க. விண்டோஸ் 10 வந்த புதுசுல பழைய மாடல் சிலதுல இந்த டிரைவரோட 11ம் வெர்ஷன் ஏறிக்கிட்டு ஷட்டவுன் குடுத்தா ஸ்கிரீன் மட்டும் அணையும், பவர் லைட்டும் ஃபேனும் ஓடிக்கிட்டே இருக்கும், திரும்ப பழைய வெர்ஷனை போட்டா தான் அடங்கும். எத்தனையோ பேர் போர்டு போச்சுன்னு நெனச்சு அலைஞ்சாங்க.

இதுனால தான் உங்க பதிலோட ரெண்டாவது பாதியை பாத்து எனக்கு ரொம்ப வருத்தம். டிரைவரை தானா தேடிப் போடுற சாஃப்ட்வேருக்கு உங்க மாடல் தெரியாது, கோடை வச்சு எது கிட்டத்துல பொருந்துதோ எது புதுசோ அதை தூக்கிப் போடும், போகும்போது கூடவே ரெண்டு பிரவுசர், ஒரு டூல்பார், நாப்பது எரர் இருக்கு காசு கட்டுங்கன்னு பயமுறுத்துற ஒரு ஆன்டிவைரஸ் எல்லாத்தையும் இறக்கி வச்சுட்டு போகும். நம்ம கடைக்கு வர்ற ஸ்லோவா இருக்குங்கிற மெஷின்ல நெறைய இந்த கேஸ் தான். நெஜமா ஆட்டோமேட்டிக்கா வேணும்னா விண்டோஸ் அப்டேட் உள்ளேயே ஆப்ஷனல் அப்டேட்ஸ்னு இருக்கு, அங்க டிரைவர் பட்டியல் வரும், லெனோவோ பவர் மேனேஜ்மெண்ட் கூட பல தடவை அங்கேயே கிடைச்சுடும். கிடைக்கலைன்னா மெஷினுக்கு அடியில இருக்கிற சீரியல் நம்பர், டெல்லா இருந்தா ஏழு எழுத்து சர்வீஸ் டேக், அதை கம்பெனியோட சப்போர்ட் சைட்ல போட்டா அந்த மெஷினுக்கு மட்டும் உள்ள டிரைவர் வரிசையா வரும். சிப்செட் மொதல்ல, அப்புறம் மேனேஜ்மெண்ட் என்ஜின், அப்புறம் பவர் மேனேஜ்மெண்ட், ஹாட் கீ. வைஃபையே வரலைன்னா போனை யூஎஸ்பில சொருகி டெதரிங் போட்டுக்கலாம்.

லினக்ஸ்ல இந்த 0068 பஞ்சாயத்தே கிடையாது, திங்க்பேட் ஏசிபிஐன்னு ஒரு டிரைவர் கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) உள்ளேயே வருது, டிஎல்பின்னு ஒரு டூல் போட்டா லிமிட்டும் வச்சுக்கலாம். ஆனா டேலி ஓட்டுற கடைக்காரர் கிட்ட போய் லினக்ஸ் போடுங்கன்னு சொன்னா கல்லாப்பெட்டியை தூக்கி அடிப்பார், அது வேற கதை.

இதெல்லாம் இப்போ ஏன் அவசரமா எழுதறேன்னா, 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான சப்போர்ட்டை நிறுத்திடுச்சு. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 வேணும், இன்டெல்னா எட்டாவது ஜெனரேஷனோ அதுக்கு மேலயோ வேணும், அதனால ஆறாவது ஏழாவது ஜெனரேஷன் மெஷினை ஆபீஸ்ல வச்சிருந்தவங்க மொத்தமா கழிச்சு விடறாங்க. கல்லு மாதிரி மெஷின், காலேஜ் பசங்களுக்கு தாராளமா போதும். வியாபாரிங்க அதுல செக்கிங்கை ஏமாத்தி விண்டோஸ் 11 போட்டு புது ஓஎஸ்னு விக்கிறாங்க. அந்த மாடலுக்கு கம்பெனி சைட்ல 11க்குன்னு டிரைவரே இருக்காது, 10க்குள்ளது தான் இருக்கும். பெரும்பாலும் அதுவே 11லயும் வேலை செய்யுது, அதனால பயப்பட வேண்டியதில்ல, ஆனா தேடிப் போட ஒரு ஆளு வேணுமே, அதை வாங்குறவர் தலையில கட்டக் கூடாது.

வித்து குடுக்கிற நம்ம ஆளுங்களுக்கு ரெண்டு விஷயம் சொல்லிக்கிறேன், கோவிச்சுக்காதீங்க. கஸ்டமர் மெஷினை ஃபார்மட் அடிக்கிறதுக்கு முன்னாடி அதுல ஓடிக்கிட்டு இருக்கிற டிரைவரை எடுத்து வைங்க, விண்டோஸ்லேயே பிஎன்பியூட்டில்னு கமாண்ட் இருக்கு, எக்ஸ்போர்ட் டிரைவர்னு குடுத்தா வெளிய இருந்து ஏத்தின டிரைவர் மொத்தத்தையும் ஒரு ஃபோல்டர்ல கொட்டிடும், பென்டிரைவ்ல போட்டுக்கிட்டா ஃபார்மட் முடிஞ்சதும் அந்த ஃபோல்டரை காட்டினா போதும். கம்பெனி சைட்ல எப்பவும் இருக்கும்னு நம்பாதீங்க, இன்டெல்லே 2019ல பழைய மதர்போர்டுகளோட பயாஸ் ஃபைல், டிரைவர் எல்லாம் சைட்ல இருந்து தூக்கிடுச்சு. ரெண்டாவது, மெஷினை குடுக்கும்போது ஸ்கிரீன் சவுண்டு கேமராவோட சேத்து டிவைஸ் மேனேஜரையும் தொறந்து காட்டிக் குடுங்க, பவர்சிஎஃப்ஜிங்கிற விண்டோஸ் கமாண்ட்ல பேட்டரி ரிப்போர்ட்டும் எடுத்து காட்டுங்க, அதுல டிசைன் கெபாசிட்டி ஃபுல் சார்ஜ் கெபாசிட்டின்னு ரெண்டு நம்பர் பக்கத்துல பக்கத்துல வரும். உள்ள 24,000 மில்லிவாட் ஹவர் பேட்டரி இருக்க வேண்டிய மெஷின்ல 13,000 தான் நிக்குதுன்னா அதை சொல்லி அதுக்கேத்த விலைக்கு குடுத்தா யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அந்த பதிலுக்கு ஒரு திருத்தம் போடுங்க, பெருசா வேண்டாம், ஹார்ட்வேர் ஐடியை பாத்துட்டு முடிவு பண்ணுங்கன்னு அதே பகுதியில ஒரு வரி, டிரைவர் சாஃப்ட்வேர் போடாதீங்கன்னு இன்னொரு வரி. முடிஞ்சா அடிக்கடி வர்ற கோடெல்லாம் எது எதுன்னு ஒரு சின்ன கட்டம் கட்டி போட்டீங்கன்னா கடைல கண்ணாடிக்குள்ள ஒட்டி வச்சுக்குவேன், என்கிட்ட கேக்குறவங்களுக்கு அதைக் காட்டிடலாம்.

இப்படிக்கு,
லேப்டாப் சர்வீஸ் பண்ற ஒரு வாசகர்,
திண்டுக்கல்.